கண்ணாடி அலமாரியில் இருந்த அதிகாரம்

வாருங்கள், வந்து பாருங்கள். தக்கலையில் பேருந்தை விட்டிறங்கிப் பத்மநாபபுரம் கோட்டைச் சாலையில் நடந்து வாருங்கள். அரண்மனை பார்க்க வந்த வேன்கள் உங்களைக் கடந்து போகட்டும். அந்த மரவேலைப்பாட்டை இன்னொரு நாள் வியந்துகொள்ளலாம். இடப்புறத்தில் பச்சைச் சாயம் பூசிய இரும்புக் கேட் ஒன்று உட்பக்கம் கொண்டி போட்டுக் கிடக்கிறது. அதற்கு முன்னால், உச்சி வெயிலில், குடையில்லாமல், துணைக்கு வந்த ஒருத்தியோடு, ஒரு பெண் நிற்கிறாள். அவளை நன்றாகப் பாருங்கள். அவள் கடன் கேட்டு வரவில்லை. தருமம் கேட்டும் வரவில்லை. தானும் தன்னைப் போன்றவர்களும் சேர்த்துவைத்ததை, தன் கணவனின் காலைக் காப்பாற்ற எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஓர் அனுமதி வேண்டும். அந்த அனுமதியைத் தர வேண்டிய பெரியவர் உள்ளே மத்தியான உறக்கத்தில் இருக்கிறார்.

இந்த மண்ணில் வாசலுக்கு வெளியே நின்றவர்கள் கொஞ்சமா? நின்று நின்று, பிறகு ஒரு நாள் நிற்க மறுத்து, அதன் பயனாகத்தானே நாம் இன்று எந்தத் தெருவிலும் நிமிர்ந்து நடக்கிறோம்! அப்படியிருக்க, புத்தம்புதிய கணினித் தொழில்நுட்பத்தைக் கொண்டுவந்து, அதற்கும் ஒரு பழைய கேட்டைப் பொருத்தியது யார்? கேளுங்கள்.

அந்தப் பெண்ணின் பெயர் ஞானபாய். மயிலாடிக்கு அருகே வீடு. முந்திரித் தொழிற்சாலையில் வேலை. கணவர் செல்வதாஸ் மஸ்கட்டில் கட்டட வேலை பார்க்கிறார். முந்தைய நாள் மாலை சாரம் சரிந்து அவர் விழுந்தார். தொடை எலும்பு முறிந்து, காலுக்குப் போகும் இரத்த ஓட்டம் தடைப்பட்டது. உடனே அறுவைச் சிகிச்சை செய்யாவிட்டால் காலை எடுக்க நேரும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். முன்பணம் கட்டினால்தான் அறுவைக் கூடத்தின் கதவு திறக்கும் என்று மருத்துவமனை சொல்லிவிட்டது. கம்பெனியோ தொலைபேசியை எடுக்கவே இல்லை.

இத்தகைய நாளுக்காகவே நாகர்கோவிலில் ஒரு சங்கம் இருந்தது. குமரிக் கைத்துணைச் சங்கம் என்று பெயர். வளைகுடா நாடுகளில் உழைக்கும் நம் மாவட்டத்தாரும் இங்கே இருக்கும் அவர்களது குடும்பத்தாரும் மாதந்தோறும் சேர்க்கும் பங்கு, டோக்கன்கள் என்னும் மின்னணு நாணயங்களாக, பிளாக்செயின் என்னும் கணினிக் கணக்கேட்டில் இருந்தது. மஸ்கட்டில் இருந்த கிளையோ வேறொரு பிளாக்செயினைப் பயன்படுத்தியது. இரண்டுக்கும் நடுவே ஒரு பாலம். இங்கே டோக்கனைப் பூட்டினால் அதே அளவு டோக்கன் அங்கே திறக்கும். கிளையின் பொறுப்பாளர் அதை ரியாலாக மாற்றி மருத்துவமனையில் கட்டிவிடுவார். பாலத்தைத் திருடன் கண்டுவிட்டால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கடத்திவிடக் கூடும் அல்லவா? ஆகவே ஒரு நாளில் இவ்வளவுதான் பாலம் கடக்கலாம் என்று ஒரு வரம்பு வைத்திருந்தார்கள். வரம்பு நல்லதுதான். வரம்பில்லாத கருவூலம் கரையில்லாத குளம்.

ஆனால் வரம்பை உயர்த்தவும் இறக்கவும் உரியவர் யார்? இங்கேதான் நம்மவர்கள் நம்மவர்களால் மட்டுமே செய்யக் கூடிய ஒரு பிழையைச் செய்தார்கள்.

பாலத்தின் தொடக்க விழா நாகர்கோவிலில் ஒரு மண்டபத்தில் நடந்தது. குத்துவிளக்கு ஏற்ற ஒருவர், கொடியேற்ற ஒருவர், சால்வை போர்த்த ஒருவர் என்று மரியாதைகளைப் பங்கிட்டபோது, சங்கத்தின் கௌரவத் தலைவர் நாராயணபெருமாளுக்கு மட்டும் ஒன்றும் மிஞ்சவில்லை. சங்கத்துக்கு அறை கொடுத்தவர். ஜவுளிக்கடை நடத்தி ஓய்ந்தவர். மனம் கோணக் கூடாதவர். செயலாளர் அனீஷ் ஒரு நொடி யோசித்தார். பாலத்தின் நிர்வாகி அனுமதியை அவருக்கே கொடுத்துவிட்டார். ஒரு புதிய கைப்பேசியை நினைவுப் பரிசாக நீட்டி, அதில் நிர்வாகியின் சாவியை ஏற்றி, மேடையிலேயே அவரது பெருவிரலைப் பதிய வைத்தார். கூடவே, "பாலத்தின் நிர்வாகி" என்று மயிலாடியில் செதுக்கிய ஒரு கருங்கல் பலகை. மண்டபம் கைதட்டியது.

கைதட்டாத ஒருத்தி மேடைக்குப் பின்னால் நின்றாள். ஜாஸ்மி. பாலத்தை அன்றாடம் இயக்கும் பொறியாளர். அனுப்பலாம், பார்க்கலாம், ஆபத்தென்றால் நிறுத்தலாம். அவளுக்கு அவ்வளவே அனுமதி. வரம்பில் கைவைக்க முடியாது.

"அனீஷ் அண்ணே, வரம்ப ஏத்துற அதிகாரம் ஒரே ஆளுகிட்ட இருக்கப்பிடாது. அதுவும் அவருக்கு இது என்னான்னே தெரியாதே!"

"சும்மா கெட மக்கா. ஒரு மரியாதைக்குத்தானே குடுத்திருக்கு. வெளக்கு ஏத்துனவரு எண்ணெய் ஊத்தவா போறாரு?"

வெள்ளோட்டத்துக்கென்று வைத்த மிகச் சிறிய வரம்பு ஓராண்டாக அப்படியே நின்றது. எவரும் அதை உயர்த்தக் கேட்கவில்லை. தேவை வரவில்லை, வரும் வரை.

வந்தது. அன்று காலை ஞானபாய் சங்கத்துக்கு ஓடிவந்தாள். உதவிக் குழு ஒரே குரலில் இசைந்தது. ஜாஸ்மி அனுப்பினாள். பாலம் மறுத்தது. நாள் வரம்பு கடந்தது என்று திரை சொன்னது. சிறிது சிறிதாக அனுப்பினால் பல நாள் ஆகும். செல்வதாஸின் காலுக்கு அந்த நாள்கள் இல்லை. நாராயணபெருமாளின் வழக்கமான எண்ணுக்கு அழைத்தார்கள், அணைத்து வைத்திருந்தார். ஞானபாயும் ஜாஸ்மியும் பேருந்தேறித் தக்கலைக்கு வந்தார்கள். கேட்டுக்கு முன்னால் நின்று ஜாஸ்மி செயலாளரை அழைத்தாள்.

"அண்ணாச்சி உறங்குத நேரம்," என்றார் அனீஷ். "எழுப்புனா கோவப்படுவாவ. எந்திச்ச பொறவு பைய சொல்லு. முன்னக்கூட்டி சொல்லாம போனதே தப்பு."

"ஒரு ஆளுக்கு காலு போவும் அண்ணே!"

"எனக்குத் தெரியாதா மக்கா? ஆனா ஒரு மொறை இருக்குல்லா?"

முறை! கேட்டீர்களா அந்தச் சொல்லை? எத்தனை உயிர்களின்மேல் அந்தச் சொல்லைப் பாய் விரித்தாற்போல் விரித்து, அதன்மேல் சுகமாகப் படுத்திருக்கிறோம்!

அப்போது கொடியில் உலர்ந்த துணிகளை எடுக்க ஒரு மூதாட்டி முற்றத்துக்கு வந்தார். நாராயணபெருமாளின் மனைவி தாணம்மாள். கேட்டுக்கு வெளியே நிற்பவர்களைப் பார்த்ததும் துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டு விரைந்தார்.

"யாரது? எதுக்குட்டி இந்த வெயில்ல நிக்கிய?"

"அண்ணாச்சி உறங்குதாவன்னு..." என்றாள் ஞானபாய்.

"உறங்கத்தானே செய்யுதாவ? செத்தா போனாவ? கேட்டுல தட்டுறதுக்குக் கையில்லியா?" கொண்டி உயர்ந்தது. "முகமெல்லாம் செவந்து கெடக்கே, பிள்ளே. உள்ள வா."

வீட்டுக்கூடத்தில் ஒரு கண்ணாடி அலமாரி. கேடயங்கள், கோப்பைகள், மடிப்புக் கலையாத சால்வைகள். நடுத்தட்டில் அந்தக் கருங்கல் பலகை. அதன்மேல் சாய்ந்தபடி, சந்தன மாலை அணிந்து, இறந்தவரின் படம் போல அந்தக் கைப்பேசி. இருவரும் அதைப் பார்த்த பார்வையில் வெறும் வியப்பு மட்டும் இல்லை. ஓர் ஊரின் சேமிப்புக்கு உரிய சாவி, மாலை மரியாதையோடு அடக்கம் செய்யப்பட்டிருந்தது.

பேச்சரவம் கேட்டு நாராயணபெருமாள் வேட்டியை இறுக்கிக்கொண்டு வந்தார். "என்ன பெகளம் இங்க?"

ஜாஸ்மி நடந்ததைச் சொன்னாள். பாலத்தையும் வரம்பையும் விளக்கினாள். முடிவில், "அந்த போனு வேணும் சார்," என்றாள்.

பெரியவரின் முகம் கறுத்தது. "அப்பம் குடுத்த மரியாதைய திருப்பி வாங்க வந்தியளோ? அனீஷ் வரல்ல. ஒரு வார்த்த சொல்லல்ல. நீங்க ரெண்டு பேரும் வந்து அலமாரியத் தெறன்னு சொல்லுதிய."

"ஆமா, பெரிய மரியாதை!" என்றார் தாணம்மாள். "நான் கல்யாணத்துக்குப் போட்டிருந்த நகையவே பேங்குல கொண்டு வச்சுக் கடை தொறந்த ஆளு நீங்கோ. இது அந்தக் கண்ணாடிக்குள்ள இருந்து என்ன, முட்டையா இடுது?"

"நீ சும்மா இரி."

இந்த நேரத்தில் ஞானபாய் பேசினாள். வெயிலில் நின்றபோது வராத குரல் இப்போது வந்தது. அவள் கைகூப்பவில்லை, காலில் விழவில்லை. நேராகப் பார்த்துச் சொன்னாள்.

"அண்ணாச்சி, உங்களுக்கு மரியாதையும் கொறையப்பிடாது, அவருக்குக் காலும் கொறையப்பிடாது. ஆனா மரியாதை இன்னைக்குக் கொறைஞ்சா நாளைக்கு வளரும். காலு வளருமா? நீங்களே சொல்லுங்கோ."

நாராயணபெருமாள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். அலமாரியைத் திறந்தார். மாலையைக் கழற்றித் தாணம்மாளிடம் கொடுத்தார். கைப்பேசியை ஞானபாயின் கையிலேயே வைத்தார்.

அது உயிரற்றுக் கிடந்தது. விழா நாளிலிருந்து அதற்கு மின்சாரம் ஏறியதே இல்லை. ஜாஸ்மி தன் சார்ஜரில் மாட்டினாள். நான்கு பேரும் அதைச் சுற்றி அமர்ந்தார்கள். கறுத்த திரையில் மெல்ல ஒளி வந்தது; கூடவே ஒரு கேள்வியும் வந்தது. அணைந்து எழுந்த கைப்பேசி பெருவிரலை ஏற்காது. ரகசிய எண்ணைக் கேட்டது.

"நம்பரா? எனக்கு ஓர்மையில்ல," என்றார் பெரியவர். வீட்டுக் கதவு எண்ணை இட்டார். தவறு. கடையின் பழைய தொலைபேசி எண்ணின் கடைசி இலக்கங்களை இட்டார். தவறு. அடுத்ததற்கு விரலை ஓங்கியபோது ஜாஸ்மி கையைப் பிடித்துவிட்டாள்.

"நிறுத்துங்க சார்! தப்பா போட்டுக்கிட்டே இருந்தா ஒரேயடியா பூட்டிரும். அப்பறம் யாராலயும் திறக்க முடியாது."

ஞானபாய் கண்களை மூடிக்கொண்டாள். அவளது உதடுகள் மட்டும் ஏதோ ஜெபத்தில் அசைந்தன.

ஜாஸ்மிக்கு விழா மேடை நினைவுக்கு வந்தது. எண்ணை அங்கேதானே வைத்தார்கள்! சங்கம் அந்த விழாவை முழுவதும் படம்பிடித்து இணையத்தில் ஏற்றியிருந்தது. தன் கைப்பேசியில் தேடி எடுத்தாள். நாதஸ்வரம், வரவேற்புரை, வாழ்த்துரை எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டே போனாள். மேடையில் அனீஷ் குனிந்து கேட்கிறார்: "அண்ணாச்சி, யாருக்கும் தெரியாத ஒரு நம்பரா சொல்லுங்கோ." நாராயணபெருமாளின் வாய்க்கு நேராக மைக் நிற்கிறது. ஒலிபெருக்கி அவரது குரலை மண்டபம் முழுவதும் கொண்டுபோகிறது.

"யாருக்கும் தெரியாததுன்னா எனக்கும் மறந்து போவுமே! நம்ம பழைய அம்பாசடர் கார் நம்பரையே போடு மக்கா!"

கைதட்டல். சிரிப்பு. ஒருவர் விசில்கூட அடித்தார்.

"யாருக்கும் தெரியாத நம்பராம்!" தாணம்மாள் தலையில் கைவைத்துக்கொண்டார். "அந்தக் காரு நம்பரு தக்கலைச் சந்தையில மீன் விக்கவளுக்குத் தெரியும். மேட்டுக்கடை ஊருல பாதிப் பேரு நின்னுபோன அந்தக் காரத் தள்ளிவிட்டிருக்கான்."

முதலில் சிரித்தது ஞானபாய். அழுகையும் சிரிப்பும் ஒரே வாசலில் முட்டிக்கொண்டு வந்தன. பிறகு ஜாஸ்மி. கடைசியில், நாணத்தோடு, நாராயணபெருமாளும். அந்தச் சிரிப்பினூடே அவர் எண்ணை இட்டார். கைப்பேசி திறந்தது.

ஜாஸ்மி நிர்வாகியின் திரையைக் கொண்டுவந்தாள். "இன்னைக்கு வேண்டிய அளவுக்கு மட்டும் ஏத்துவோம் சார். போய்ச் சேர்ந்ததும் மறுபடி இறக்கிரலாம். இங்க உங்க விரல வைங்க."

பெரியவர் பெருவிரலைத் திரைக்கு மேலேயே நிறுத்தினார். "நான் அமுக்குனா எல்லாம் போயிராதே?"

"போவாது சார். நான் பக்கத்துல இருக்கேன்."

விரல் பதிந்தது. வரம்பு உயர்ந்தது. ஜாஸ்மி தன் மடிக்கணினியிலிருந்து அனுப்பினாள். இம்முறை பாலம் மறுக்கவில்லை. சிறிது நேரத்தில் மஸ்கட் கிளையின் பொறுப்பாளர் ஜெப்சன் அழைத்தார். ஞானபாய் ஒலியைக் கூட்டிவைத்தாள்.

"வந்தாச்சு அக்கா. கட்டியாச்சு. அண்ணன உள்ள கொண்டு போயிட்டாவ. நான் வெளியதான் நிக்கேன். வெப்ராளப்படாதிய."

ஞானபாய் அப்படியே தரையில் அமர்ந்தாள். தாணம்மாள் கருப்பட்டிக் காப்பியும், காலையில் மிஞ்சிய புட்டும் பயறும் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். அன்று முதன்முதலாக அவள் வாயில் எதுவோ பட்டது அப்போதுதான். எவரும் வீட்டுக்குப் போக எழவில்லை. வெயில் சாய்ந்து, அரண்மனை வேன்கள் திரும்பிப் போய்க்கொண்டிருந்தபோது ஜெப்சன் மீண்டும் அழைத்தார். இரத்த ஓட்டம் திரும்பிவிட்டது. கால் தப்பியது.

அந்தச் செய்தி கேட்டு ஞானபாய் விட்ட மூச்சைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை. ஆனால் அதே கூடத்தில் இன்னொருவரும் மூச்சு விட்டார். அதை எழுதியே ஆக வேண்டும்.

"நான் ஒண்ணு சொல்லுதேன், சிரிக்கப்பிடாது," என்றார் நாராயணபெருமாள். "அந்த போன நான் பெருமைக்கு மட்டும் உள்ள வைக்கல்ல. பயந்துதான் வச்சேன். தெரியாம எதையாவது அமுக்கிட்டா ஊருக்காரன் பைசா எல்லாம் போயிருமோன்னு. யாருகிட்ட கேக்க? நிர்வாகின்னு கல்லுல வெட்டித் தந்த பொறவு, எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு எப்பிடிச் சொல்ல? மத்தியானம் கண்ண மூடுனா அதுதான் ஓர்மை வரும்."

"அதான் அப்பிடிக் கொறட்ட விட்டாவளாக்கும்," என்றார் தாணம்மாள்.

ஜாஸ்மி அங்கேயே வரம்பைப் பழைய அளவுக்கு இறக்க வைத்தாள். ரகசிய எண்ணை மாற்ற வைத்தாள். அப்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. ஓராண்டாக அந்தக் காணொளி உலகத்தின் முன் திறந்து கிடந்தது. எண்ணைத் தெரிந்த எவனாவது அந்தக் கண்ணாடியை உடைத்து, சார்ஜ் ஏற்றி, உறங்கிக்கிடந்த பெரியவரின் விரலைப் பற்றிப் பதித்திருந்தால் வரம்பு வானளவு உயர்ந்திருக்கும். ஓர் இரவில் பாலம் சங்கத்தையே மறுகரைக்குக் கொண்டுபோயிருக்கும். அப்படி நடக்காததற்குக் காரணம் நம் அறிவா? எவரும் அதைத் தொடாத அளவுக்கு அதற்கு மாலை போட்டுவிட்டோம் என்பதே காரணம். தற்செயலை நம்பித் தலைசாய்க்கிறவனுக்குத் தலையணை மிஞ்சலாம், தலை மிஞ்சுமா?

அடுத்த ஞாயிறன்று சங்கத்தின் பொதுக்குழு கூடியது. நாராயணபெருமாளே எழுந்து, தன்னிடம் உள்ள அனுமதியை எடுத்துவிடுமாறு கேட்டார். இனி வரம்பில் எந்த மாற்றமும் ஐந்து பேரில் மூவர் இசைந்தால்தான் நடக்கும். அந்த ஐவரை உறுப்பினர்களே தேர்ந்தெடுப்பார்கள். மாற்றம் ஒவ்வொன்றும் அந்த நிமிடமே எல்லா உறுப்பினரின் கைப்பேசிக்கும் வரும். கைகள் உயர்ந்தன. தீர்மானம் நிறைவேறியது. அனீஷ் பழக்கதோஷத்தில் ஒரு சால்வையை எடுத்துக்கொண்டு மேடைக்கு நடந்தார்.

"அண்ணே, சால்வைய மடிச்சு வையும்!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "மொதல்ல மைக்க அணையும். பொறவு நம்பரு போடட்டும்!"

மண்டபம் சிரித்து ஓய வெகுநேரம் ஆயிற்று. அனீஷும் சிரித்தார். மைக்கை அவரே அணைத்தார்.

ஐவரில் ஒருத்தியாக ஞானபாயின் பெயரை முன்மொழிந்தார்கள். அவள் உடனே தலையாட்டிவிடவில்லை.

"மரியாதையா தந்தா எனக்கு வேண்டாம். வேலையா தந்தா வாங்கிக்கிடுதேன். ஆனா ஜாஸ்மி எனக்கு முழுசும் சொல்லித் தரணும். புரியாம ஒரு விரலும் வைக்க மாட்டேன்."

அவளுக்கு விழுந்த வாக்குகளே மிகுதி. கூட்டம் முடிந்ததும் அவளுடைய கைப்பேசியில் செல்வதாஸின் முகம் வந்தது. மருத்துவமனைப் படுக்கையில் இருந்தபடி அவர் கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்களை ஒவ்வொன்றாக அசைத்துக் காட்டினார். "பாத்தியா? எல்லாம் நம்ம பேச்சு கேக்குது," என்றார். கூட்டத்துக்கு வந்து பக்கத்தில் நின்ற தாணம்மாள் அந்த விரல்களைப் பார்த்து, "இப்பம் கொள்ளாம்," என்று முகம் மலர்ந்தார்.

பின்னர் ஒரு நாள் ஞானபாய் அந்தக் கோட்டைச் சாலையில் போனாள். பச்சைக் கேட் அகலத் திறந்து கிடந்தது. காற்றில் மூடிக்கொள்ளாதபடி அதற்கு ஒரு கல்லை அண்டக் கொடுத்திருந்தார் தாணம்மாள். குனிந்து பார்த்தாள். "பாலத்தின் நிர்வாகி" என்று செதுக்கியிருந்த அந்தக் கருங்கல்தான். செதுக்கிய நாளிலிருந்து அது செய்த முதல் வேலை அது.

இதைப் படித்து நிம்மதியோடு மூடிவைத்துவிடப் போகிறீர்களா? நிம்மதி உங்களுக்கு உரியதுதான்; ஒரு மனிதனின் கால் தப்பியது. ஆனால் உங்கள் கோயில் உண்டியலின் சாவி யாரிடம்? உங்கள் சபையின் கணக்கைத் திறக்கும் விரல் யாருடையது? உங்கள் கூட்டுறவுச் சங்கத்தில், பள்ளிக் குழுவில், குடியிருப்போர் அமைப்பில், அனுமதி என்னும் பொறுப்பை எந்த அலமாரியில் மாலை போட்டு வைத்திருக்கிறீர்கள்? தெரியவில்லை என்றால் வெட்கப்படாதீர்கள், கேளுங்கள். வரும் கூட்டத்திலேயே எழுந்து நின்று கேளுங்கள். பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். அந்த ஆளோடு சேர்ந்து முடிவெடுக்க இன்னும் இருவர் யார் என்று கேளுங்கள். உட்காருங்கள் என்பார்கள், முறை என்பார்கள், மரியாதை என்பார்கள். உட்காராதீர்கள். விடை வரும் வரை நில்லுங்கள். அந்த நிற்றல் கேட்டுக்கு வெளியே வேண்டாம். கூட்டத்தின் நடுவே நில்லுங்கள்.